பிரேக்கில் குறை ஒன்றுமில்லை

ஆகஸ்ட் 4

அன்புள்ள சிஸ்டருக்கு,

நான் நலம் என்று எழுதித் தொடங்கவே கூச்சமாக இருக்கிறது. ஒரே காரில் போனோம். உனக்குக் கை ஒடிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதனால் என் நலத்தை விட்டுவிட்டு உன் கையைப் பற்றி மட்டும் கேட்கிறேன். விரல்கள் வீங்கியிருக்கின்றனவா? கட்டுக்குள் அரித்தால் பின்னல் ஊசியை விட்டுச் சொறியாதே. அப்படிச் சொறிந்த நோயாளிகளை நீ வார்டில் திட்டும்போது மருந்தகத்தின் ஜன்னல் வரைக்கும் கேட்கும்.

கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. முன்பக்கம் புதிதுபோல இருக்கிறது. மெக்கானிக் அதை மழையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சார், பிரேக்கில் குறை ஒன்றுமில்லை" என்றார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பிரேக்கில் இல்லாத குறை வேறு எங்கே இருக்கும்? வண்டியில் மீதமிருந்தது நான்தான்.

ஆகவே விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். பக்கத்துத் தெருப் பல் மருத்துவர் கேட்டிருக்கிறார். நான் ஓட்டும் வண்டியில் இனி ஏறுவதில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாய். வண்டியே இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. பஸ் நிறுத்தம் வரை நடப்பது மூட்டுக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள்.

உன் தங்கை வீட்டிலிருந்து நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மருந்தாளர் (ஓய்வு)


ஆகஸ்ட் 9

கம்பவுண்டருக்கு,

உங்க கடிதம் வந்தது. முதல் விஷயம், உறை மேல "சிஸ்டர்"னு எழுதாதீங்க. ஆஸ்பத்திரியில கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த பழக்கம்னு நமக்குத் தெரியும். தபால்காரருக்குத் தெரியுமா? கட்டின பொண்டாட்டிக்கு இப்படி எழுதுற மனுஷன் யாரும்மான்னு என் தங்கச்சிகிட்டக் கேட்டிருக்கார். அவ ரெண்டு நாளா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

கை பரவாயில்லை. இடது கைதானே, எழுதறதுக்கும் அதட்டறதுக்கும் வலது கை இருக்கு. கை ஒடிஞ்சதுக்கு எனக்குக் கோபமே இல்லை. எலும்பு, ஒடியும், சேரும். எத்தனை பார்த்திருக்கோம்.

என் கோபம் வேற. மழை. இறக்கம். முன்னால லாரி நின்னதை நீங்களும் பார்த்தீங்க, நானும் பார்த்தேன். மிதிச்சீங்க. கீழே கடகடன்னு ஒரு சத்தம். உடனே காலை எடுத்துட்டீங்க, அதையும் பார்த்தேன். தொண்டை கிழியக் கத்தினேன், விட்டு விட்டு மிதிங்கன்னு. ஈர ரோட்டுல ஒரேயடியா அழுத்தினா சக்கரம் நின்னுபோய் வண்டி வழுக்கும், விட்டு விட்டுத்தான் மிதிக்கணும்னு அப்பா உங்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாரா இல்லையா? ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவர். ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தாதவர். அந்த நேரத்துல அவர் பேச்சைக் காத்துல விட்டுட்டீங்களேன்னுதான் எனக்கு ஆறலை.

அப்புறம் பல் டாக்டர். யாரைக் கேட்டு அவருக்கு வாக்குக் கொடுத்தீங்க? காரணம் தெரியாம கேஸை மூடுற பழக்கம் நம்ம ஆஸ்பத்திரியில இருந்ததா? பிரேக்குல குறையில்லைன்னா அந்தக் கடகட என்ன? தங்கச்சி வீட்டுக்காரர் சொல்றார், புது வண்டியில கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்காம், அதுதான் நேரம் பார்த்துக் காலை வாரிவிடுதாம், ஃப்யூஸைப் பிடுங்கிப் போட்டா வண்டி ஒழுங்கா நடந்துக்குமாம். அவருக்கு எதையாவது பிடுங்கிப் போடணும்.

நீங்க கண்டுபிடிச்சு எழுதுங்க. போன் பண்ண வேண்டாம். போன்ல "சரி சரி"ன்னு வெச்சிடுவீங்க. காகிதத்துல ரெண்டு பக்கத்துக்கு "சரி சரி" எழுத முடியாது பாருங்க.

சாப்பிடுறீங்களா?

நான்தான்


ஆகஸ்ட் 15

அன்புள்ள உனக்கு (உறையின் மேல் உன் தங்கை கணவர் பெயரை எழுதியிருக்கிறேன்),

சாப்பிடுகிறேன்.

வண்டியோடு வந்த கையேட்டை முழுதும் படித்தேன். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை யாரும் படிப்பதில்லை என்று வேலையில் இருந்த காலமெல்லாம் குறைப்பட்டவன் நான். அந்த நான், கார் வந்த நாளிலிருந்து கையேட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்திருக்கிறேன். பிறகு மெக்கானிக்கிடம் போய்ச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. இரண்டு முறை சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

சக்கரம் உருளும் வரைதான் டயர் தரையைச் சரியாகப் பிடிக்கிறது. உருளுவது அடியோடு நின்றுவிட்டால் அது வெறும் ரப்பர் கட்டி. ஈரத்தில் குளியலறைச் சோப்பைப் போல வழுக்கிக்கொண்டு போகும். இன்னொன்று எனக்குப் புதிய செய்தி: நின்றுபோன சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி திரும்பாது, நேரேதான் போகும்.

இது நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஏ.பி.எஸ். என்கிற ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு நர்ஸ் நாடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு பல் வளையம் சுற்றுகிறது. அதை ஒட்டியிருக்கும் சிறு கருவி பற்கள் கடந்து போவதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அதுதான் நாடி. நான்கு நர்சுகளும் ஒரு டியூட்டி டாக்டரிடம் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீ கண்டதுண்டா, சொன்னவுடன் கேட்கிற டியூட்டி டாக்டரை? இங்கே இருக்கிறார். ஒரு சக்கரத்தின் நாடி மட்டும் திடீரென்று விழுந்தால் அது நிற்கப்போகிறது என்று அறிந்து, அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை மட்டும் தளர்த்துகிறார். சக்கரம் மறுபடி உருளத் தொடங்கும். உடனே மறுபடி அழுத்தம் தருகிறார். கண் மூடித் திறப்பதற்குள் இது பல தடவை நடந்துவிடும். எண்ணெய் இப்படிப் போய்ப் போய்த் திரும்புவதுதான் பாதத்துக்கு நடுக்கமாகவும் காதுக்குக் கடகடவென்றும் வருகிறது. ஆக, அந்தச் சத்தம் நோய் இல்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி.

இது மந்திரமும் இல்லை. ஜல்லி கொட்டிய பாதையில் வண்டி நிற்க இன்னும் கூடுதல் தூரம்கூட ஆகலாமாம். ஆனால் பிரேக் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலக முடியும். அன்று சாலையோரம் காலியாகத்தான் இருந்தது.

கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: மிதி நடுங்கினால் காலை எடுக்க வேண்டாம், முழு பலத்தோடு அழுத்தியபடியே இருக்கவும். நான் பயந்து எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். தவறு முழுதும் என்னுடையது. கேஸை இனி மூடலாம்.

சகலையிடம், ஃப்யூஸைப் பிடுங்குவது நல்லதல்ல என்று மட்டும், மனம் நோகாதபடி சொல். பல் மருத்துவர் வரும் ஞாயிறு வண்டி பார்க்க வருகிறார்.

உன் மருந்தாளர்


ஆகஸ்ட் 20

கம்பவுண்டருக்கு,

நாலு நர்சையும் எனக்குப் பிடிச்சுது. தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். நாலு பேருக்கும் லீவு யார் கொடுக்கிறதுன்னு கேட்டா. அவ வீட்டுக்காரர் மட்டும், இதெல்லாம் கம்பெனிக்காரன் விடுற கதைன்னுட்டுப் பேப்பரை மறுபடி விரிச்சுக்கிட்டார்.

எல்லாம் சரி. ஆனா சார்ட்டுல ஒரு வேளை மருந்து எழுதாம விட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டிருக்கீங்க.

எனக்குக் கை வலி குறைஞ்சுபோச்சு, பிடரி வலி போகலை. நேத்து தங்கச்சி தைலம் தேய்ச்சுவிட்டா. அப்போ கண்ணை மூடிக்கிட்டு அன்னைக்கு நடந்ததை நினைச்சுப் பார்த்தேன். முன்னால போனேன். பின்னால வந்தேன். திரும்ப முன்னால, திரும்பப் பின்னால. லாரியில மோதறதுக்கு முன்னாடியே இது நடந்தது. நீங்க பயந்து ஒரு தடவை காலை எடுத்திருந்தா உடம்பு ஒரு தடவைதானே ஆடும்? ஊஞ்சல் மாதிரி எப்படி ஆடுச்சு?

நீங்க பாதியில நிறுத்தின வரியை நானே முடிக்கிறேன். காலை எடுக்கவே கூடாதுன்னா, விட்டு விட்டு மிதிக்கிறதும் கூடாதுதானே?

அன்னைக்கு நான் கத்தினது உங்க காதுல விழுந்துதா? விட்டு விட்டு மிதிச்சீங்களா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. முன்னுரை எதுவும் வேண்டாம்.

நான்


ஆகஸ்ட் 24

ஆமாம்.

முன்னுரை வேண்டாம் என்றாய். பின்னுரை எழுதிக்கொள்ள அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் குரல் எனக்குக் கேட்காமல் போன நாள் ஏது? முதலில் நடுக்கத்தைக் கண்டு பயந்து எடுத்தேன், அதில் பொய் இல்லை. உடனே மறுபடி மிதித்துவிட்டேன். அப்போதுதான் நீ கத்தினாய். அதற்குப் பிறகு நீ சொன்னபடியே செய்தேன். மிதித்தேன், விட்டேன், மிதித்தேன், விட்டேன். மாமா கற்றுக்கொடுத்த அதே தாளம். லாரியில் மோதும் வரை தாளம் தப்பவில்லை.

மாமாவைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ரகசியம் ஒன்றுமில்லை, சொல்ல வாய் வரவில்லை. தலை நரைக்கிற வயதில் இவனுக்கு டிரைவிங்கா என்று மருந்தகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். உன் நைட் டியூட்டிக்காகத்தான் நான் கற்றுக்கொள்ள வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் மாமா குழாயைத் திறந்துவிட்டுத் தரையை நனைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் விரலால் தாளம் போட்டுக் காட்டினார். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பயப்படுறவன்தான் நல்லா ஓட்டுவான் மாப்பிள்ளை. பயமில்லாதவனைத்தான் நான் பஸ்ஸுல பக்கத்துல உட்கார வெச்சுக்க மாட்டேன்" என்றார். என் பயத்தை ஒரு தகுதியாகப் பார்த்த மனிதர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

அவர் சொன்னது அவருடைய வண்டிக்கு அட்சரசுத்தமாகச் சரி. பஸ்ஸின் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து அவரிடம் இருந்தது ஒரு கால். எதுவோ வழுக்குகிறது என்று உள்ளங்காலில் தெரிந்தால், எல்லாச் சக்கரத்தையும் சேர்த்துத்தான் விட்டாக வேண்டும். இந்த ஏ.பி.எஸ். பெட்டி வழுக்குகிற சக்கரத்தை மட்டும் விடுகிறது. செய்வது மாமா செய்த வேலையைத்தான். அது வேலை செய்துகொண்டிருக்கும்போது நானும் நடுவில் புகுந்து காலை எடுத்தேன். எடுத்த ஒவ்வொரு முறையும் வண்டி பிரேக்கே இல்லாமல் ஓடியிருக்கிறது. டாக்டர் அளந்து ஏற்றிக்கொண்டிருக்கிற மருந்தைக் கம்பவுண்டர் வந்து வந்து நிறுத்தியதுபோல.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். கை ஒடிந்து உட்கார்ந்திருப்பவளுக்கு, உன் சத்தமும் ஒரு காரணம் என்று எப்படி எழுதுவது? மாமாவின் பாடம் இந்த வண்டிக்குப் பொருந்தாது என்று அவர் மகளுக்கு எப்படி எழுதுவது? பயந்தாங்கொள்ளி என்று நீ என்னை நினைத்துக்கொள்வது இவை இரண்டையும்விட மேலாகப் பட்டது. அந்தப் பெயர் எனக்குப் பழகியதுதான்.

பல் மருத்துவருக்கு வண்டி பிடித்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் வாரம் சாவியை வாங்கிக்கொள்கிறார்.

உன் மருந்தாளர்


செப்டம்பர் 3

என்னங்க,

பதில் எழுத இத்தனை நாள் ஆச்சு. பேனாவை எடுத்தா திட்டத்தான் வந்தது, அதனால எடுக்கலை.

அப்பா பாடம் இந்த வண்டிக்கு ஆகாதுன்னதுக்குக் கோபமில்லை. அவர் இருந்திருந்தா ஒரு நாள் முறைச்சுக்கிட்டு இருந்திருப்பார். மறுநாள் காலையில அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்க மாப்பிள்ளைன்னு கீழே படுத்திருப்பார். எல்லாச் சக்கரத்துக்கும் அவரிடம் ஒரு கால்னு நீங்க எழுதினதைத் தங்கச்சிக்கு வாசிச்சேன். ரெண்டு பேரும் அழுதோம். சத்தம் கேட்டு அவ வீட்டுக்காரர் என்ன ஏதுன்னு ஓடிவந்தார். பிரேக்குன்னு சொன்னோம். பேப்பருக்கே திரும்பிப் போயிட்டார்.

என் கோபம் உங்க மேலதான். நோயாளிக்கு உண்மையைச் சொல்லாம மறைக்கிறவங்களை நான் என்ன பாடு படுத்தியிருக்கேன்? என்னையே நோயாளியாக்கிட்டீங்க. தாங்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. பாவம், நான் ஊர் பூராவும் உங்களைக் குறை சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இனிமே நீங்க எனக்காகக் கெட்ட பேர் வாங்கக் கூடாது. வாங்கறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு வாங்குங்க.

போன வாரம் மழை விட்டதும் தங்கச்சியை அவங்க காரை எடுக்கச் சொன்னேன், அதுலயும் நாலு நர்சு உண்டாம். இங்கே மூடிக்கிடக்கிற மரவாடிக்குப் பின்னால பெரிய சிமெண்டுத் தரை, ஆள் நடமாட்டம் கிடையாது. அவளை வேகமா ஓட்டி ஒரேயடியா மிதிக்கச் சொன்னேன். மிதிச்சா. கடகடன்னுது. காலை எடுக்காம ஸ்டீயரிங்கைத் திருப்பினா. தரையில கிடந்த சாக்கைச் சுத்திக்கிட்டு வண்டி போய் நின்னுது, நீங்க எழுதினபடியே. ஆனா என் வாய் இருக்கே, சும்மா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்தேன், அதுவா கத்திடுச்சு, விட்டு விட்டு மிதின்னு. நாலு தடவை ஓட்டினா, நாலு தடவையும் கத்தினேன். அஞ்சாவது தடவை தங்கச்சி, நீ இறங்கிக்கோக்கான்னுட்டா.

அதனால இப்போ தெரியுது. உங்க காலுக்கு மட்டும் இல்லை, என் வாய்க்கும் பழக்கணும். அது நீங்க ஓட்டி நான் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் நடக்கும்.

பல் டாக்டருக்கு நானே போன் பண்ணிட்டேன். கார் விற்கிறதா இல்லை, பல்லு வலிச்சா வர்றோம்னு சொல்லிட்டேன்.

திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்க. வியாழக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. முன் சீட்டுலதான் உட்காருவேன். பயமா இருந்தா பயந்துகிட்டே வாங்க, பரவாயில்லை.

உங்க சிஸ்டர்


செப்டம்பர் 8

அன்புள்ள சிஸ்டருக்கு,

பல் மருத்துவர் தெருவில் என்னைப் பார்த்து, "வீட்டம்மா ரொம்பத் தெளிவாகப் பேசினார்" என்றார்.

நேற்றும் இன்றும் அந்தப் பழைய மைதானத்துக்குப் போனேன். மழை பெய்து தரை நன்றாக நனைந்திருந்தது. முதல் முறை நடுக்கம் வந்தவுடன் கால் தானாக மேலே வந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. வண்டியை நிறுத்தினேன். மருந்து வேலை செய்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று எனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டேன். அடுத்த முறை எடுக்கவில்லை. உள்ளங்காலில் ஏதோ உயிருள்ள ஒன்று உதறுவதுபோல இருந்தது. எடுக்காமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். இப்போது பத்துக்கு எட்டு முறை எடுப்பதில்லை. மீதி இரண்டைப் பற்றி உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வருகிறேன். மழையாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று ஒரு வரி இங்கே எழுதி, அடித்திருக்கிறேன். அடித்ததைப் படிக்க முயல வேண்டாம். மழையானாலும் வருகிறேன்.

உன் மருந்தாளர்


செப்டம்பர் 13

சிஸ்டருக்கு,

நீ தூங்குகிறாய். அடுத்த அறையில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று தோன்றுகிறது. ஆனால் இதை நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் "சரி சரி" என்று முடித்துவிடுவேன். அதனால் எழுதி, உன் மாத்திரைப் பெட்டியின் கீழே வைக்கிறேன்.

நேற்று உன்னைக் கூட்டி வரும் வழியில், மழையில், அந்த வளைவு தாண்டியதும் பால் வண்டி குறுக்கே நின்றதே, அதைப் பற்றித்தான். நான் மிதித்தேன். மிதி உதறத் தொடங்கியது. அந்த ஒரு நொடியில் நான் பயந்தது பால் வண்டிக்கு இல்லை, உன் குரலுக்கு. நீ கத்தியிருந்தால் நான் காலை எடுத்திருப்பேன். சத்தியமாக எடுத்திருப்பேன். கையேடு சொன்னது, மெக்கானிக் சொன்னது, மைதானத்தில் பழகியது எல்லாம் உன் ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்காது. எனக்கு என்னைத் தெரியும்.

நீ கத்தவில்லை. நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி ஓரத்துப் புல்லில் போய் நின்றது. பால்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்தாய். எனக்குக் கொடுத்த பிறகுதான் நீ குடித்தாய்.

நீ என் பக்கத்தில் இத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நன்றி என்று எழுதினால் அந்நியமாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்கவில்லை. எப்படி உன்னால் முடிந்தது?

மருந்தாளர்


(அதே தாளின் பின்பக்கத்தில்)

என்னமோ நான் சும்மா உட்கார்ந்து வந்த மாதிரி எழுதியிருக்கீங்க. வாயை மூடிக்கிட்டேனே தவிர, ரெண்டு காலையும் தரையில ஊணி என் பலம் அத்தனையும் போட்டு அழுத்திக்கிட்டிருந்தேன். என் பக்கத்துல மிதி இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா வண்டி நிக்கிற வரைக்கும், நீங்களும் எடுக்கலை, நானும் எடுக்கலை.